அலிபிரியோடு நின்றவன்

திருப்பதியில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போடுவார்களாக்கும் என்று நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். சால்வையும் இல்லை, மாலையும் இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆலோசகர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல்லூரியில் படிக்கிற ஒரு பையன். தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவன் இப்போது வாரத்துக்கு ஒரு தடவை என்று வந்திருக்கிறானாம். அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான். நானும் தட்டினேன்.

"முழுசா விட்டாத்தான் ஆச்சுன்னு நாங்க சொல்றதில்லை மேடம். குறைச்சாலும் அது முன்னேற்றம்தான். நம்மகிட்ட வந்துக்கிட்டே இருக்கணும், உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான்" என்றாள் அவர்களில் மூத்தவள். பிறகு, "உங்க காலத்துல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தாங்களேன். எங்களுக்கு உதவியா இருக்கும்" என்றாள்.

உதவியாக இருக்குமாம். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் நான், அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு நழுவினேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பூசி மெழுகாமல் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

என் ஊர் நகரிக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தூரில் நர்ஸ் படிப்பு, அங்கேயே கொஞ்ச காலம் தற்காலிக வேலை, கல்யாணம், திருப்பதி. இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தனியார் அறக்கட்டளை மறுவாழ்வு நிலையம் தொடங்கியபோது இரண்டு மொழியும் பேசுகிற நர்ஸ் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். பெங்களூருக்கு அனுப்பி ஆலோசனைப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான் நர்ஸா ஆலோசகரா என்று எனக்கே தெரியாது. பையன்கள் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் அந்தக் கதவு வழியாக முதலில் வெளியே போனவர்கள் மீசை சரியாக முளைக்காத பிள்ளைகள்தான். சத்தியவேடு, புத்தூர், நகரிப் பக்கத்து ஊர்களுக்குக் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். கும்மிடிப்பூண்டி, நாயுடுபேட்டை, மெட்ராஸ். துணிந்தவர்கள் குவைத். அப்பன் காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். பிள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான் என்று தெருவே நிமிர்ந்து நடந்தது. அங்கே மெஸ்ஸில் ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துக்கொண்டு, ஷிப்டு மேல் ஷிப்டு பார்த்தார்கள். உடம்பு வலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, வீட்டு நினைப்புக்கு ஒன்று என்று பழகிக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற இருமல் டானிக்தான். சாராயம் என்றால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். டானிக் குடித்துவிட்டு வந்தவனைப் பார்த்து, பாவம், பிள்ளைக்குச் சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்த தாய்மார்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பெரிய டாக்டர் தெலுங்குக்காரர். மெட்ராஸில் படித்ததால் தமிழும் வரும். வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். கட்டிலின் ஓரத்தில், பையனின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவன் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். பெற்ற தகப்பன் செய்ய மாட்டான். குரல் உயராது, எல்லாருமே அவருக்கு 'பாபு'தான். ஒருத்தன் அவர் சட்டை மேலேயே வாந்தி எடுத்திருக்கிறான். துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினார். அவருடைய தம்பி குடித்துச் செத்தவர். கொஞ்சம்தானே குடிக்கிறான், போகட்டும் என்று வீட்டில் விட்டார்களாம். அதை என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். அதனாலேயே 'கொஞ்சம்' என்று எவன் சொன்னாலும் அவர் முகம் மாறிவிடும். நல்ல மனிதர். இப்போது இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஒரு பையனைச் சேர்க்கிறபோது முதலில் குளிக்க வைத்து எங்கள் உடுப்பைக் கொடுப்போம். அவன் துணியைச் சோதிப்பது என் வேலை. லுங்கி மடிப்பு, சட்டைக் காலர், பனியனின் கீழ்த் தையல் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன். தையல் புதிதாக இருந்தால் பிரித்துவிடுவேன். சோப்பை இரண்டாக வெட்டுவேன். முதல் வாரம் நடுக்கம், வயிற்றுப்போக்கு, தூக்கமே இருக்காது. அதற்கு நாங்கள் கொடுக்கும் மருந்தை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்பதில் டாக்டர் கறார். இன்றைக்கு இவ்வளவு, இரண்டு நாள் கழித்து அதைவிடக் குறைவு என்று படிப்படியாக இறக்குவோம். யோசித்துப் பாருங்கள். எங்கள் மருந்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவோம். அவனை மட்டும் ஒரே சொல்லில் ஆயுசுக்கும் நிறுத்தச் சொல்வோம். இது எங்களில் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை.

மாதம் முடிந்தால் மலைக்குப் போக வேண்டும். எங்கள் நிலையத்தில் மட்டும் இருந்த வழக்கம் இது. குணமாகிப் போகிற பையன்களையும் பெற்றவர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு திருமலைக்குப் போய் மொட்டை போடுவோம். குளித்துவிட்டு, கோயிலுக்கு எதிரே தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றுகிற இடத்தில் ஒவ்வொருவனாக நின்று, சுடருக்கு மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்ய வேண்டும். தெலுங்குப் பையன்களுக்கு டாக்டர் சொல்லிக் கொடுப்பார், தமிழ்ப் பையன்களுக்கு நான். 'இனி இந்த ஜென்மத்தில் தொட மாட்டேன்.' டாக்டரின் வாசகம் அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. தமிழில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'தொட்டால் இந்த மலை ஏற மாட்டேன்.' எங்கள் பக்கத்து ஆட்கள் டாக்டருக்குப் பயப்பட மாட்டார்கள், போலீசுக்குப் பயப்பட மாட்டார்கள், ஏழுமலையானுக்குப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. நான் அந்தப் பக்கத்துக்காரிதானே. டாக்டர் கேட்டுவிட்டு, "பாகுந்தி சிஸ்டர், நல்லா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாமோதரன் வந்தது அந்தச் சமயத்தில்தான். சத்தியவேட்டுப் பக்கத்துப் பையன், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அவனுக்கும் அந்த இருமல் டானிக்தான். அவன் நைனா கொண்டுவந்து விட்டார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். மனிதர் துண்டைத் தோளில் போடாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஆயாவிடம்கூடக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். பையன் ஒல்லி. வாய் மட்டும் நீளம். நடுக்கம் நின்ற பிறகு வார்டில் சிரிப்பெல்லாம் அவன் கட்டிலைச் சுற்றித்தான். ஒரு நாள் நான் மருந்து கொடுக்கப் போனபோது எழுந்து உட்கார்ந்தான்.

"சிஸ்டர், உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"ஒரேடியா வுட்டுட்றேன்னு சொன்னா அது பொய்யாப் பூடும். தெனம் பாட்டிலு பாட்டிலாக் குடிச்சிக்கினு இருந்தேன். இனிமே ஞாயித்துக்கெழம மட்டும், பாதின்னு வச்சிக்கிறேன். அப்பால அதையும் கொறைச்சிக்கிறேன். மாசாமாசம் இங்க வந்து இன்னா குடிச்சேன்னு உங்களாண்ட சொல்லிட்டுப் போறேன். பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

குறைப்பது, திரும்பத் திரும்ப வருவது, உண்மையைச் சொல்வது. போன மாதம் அந்தப் பிள்ளைகள் எனக்குப் பாடம் எடுத்தது இதைத்தான். அன்றைக்கு அவன் தானாக யோசித்துக் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர்கிட்ட கேளு" என்றேன். டாக்டர் என்ன சொல்வார் என்று தெரிந்தே சொன்னேன்.

மறுநாள் காலை டாக்டர் அவன் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டார். முடித்ததும், "குதரது பாபு. அது ஆகாது. கொஞ்சம்னு ஒண்ணு கிடையவே கிடையாது" என்றார். பிறகு மெதுவாக, "சாமிக்குப் பாதித் தலைதான் மொட்டை போடுவேன்னு யாராவது சொல்வாங்களா? கொடுத்தா முழுசாக் கொடுக்கணும்" என்றார்.

"ஏன் சார், பொம்பளைங்க மூணு கத்திரி குடுக்குறாங்களே. சாமி வாணாம்னா சொல்லுது?" என்றான் தாமோதரன்.

அவன் சொன்னது நிஜம். மொட்டை போட்டுக்கொள்ளாத பெண்கள் மலையில் மூன்று கத்தரி முடி கொடுப்பார்கள், பூமுடி என்போம். அதுவும் காணிக்கைதான், அதற்கும் பலன் உண்டு என்றுதான் எல்லாரும் கொடுக்கிறோம். டாக்டர் அவன் பாதத்தைத் தட்டிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டே, "நீ பொம்பளையா பாபு?" என்றார்.

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் மலைக்குப் போய்ப் பூமுடி கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நுனியில் வெட்டியது பின்னலில் தெரியும். அவன் என் பக்கம் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொன்னான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். ஆமாம் சார், அவன் சொல்வது சரிதானே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சிரிக்க மட்டும் வாய் திறந்தது. அவன் முகம் இத்தனூண்டு ஆகிவிட்டது. அதற்கப்புறம் வார்டில் அவன் வேடிக்கையே பேசவில்லை. பையன் அடங்கிவிட்டான், நல்ல முன்னேற்றம் என்று நான் டாக்டரிடம் சொன்னேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மலைக்கு அவன் நைனாவும் வந்தார். கோயிலுக்கு எதிரே பையன் மொட்டைத் தலையோடு கையை நீட்டிக்கொண்டு நின்றான். முதல் வரியைச் சொல்லிவிட்டான். இரண்டாவது வரிக்கு நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான்.

"சொல்லு தாமோதரா. உங்க நைனா பாத்துக்கினு இருக்காரு" என்றேன்.

அவன் திரும்பி நைனாவைப் பார்த்தான். அவர் அழுதுகொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னான்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. யாரும்தான் வரவில்லை. இதில் எங்களுக்குப் பெருமை வேறு. மற்ற இடங்களில் போனவனே திரும்பத் திரும்ப வந்து சேர்கிறான், நம்மிடம் அப்படி இல்லை என்று டாக்டர் வருகிறவர்களிடம் சொல்வார். "வராதவன் நல்லாயிட்டான்" என்பது அவர் கணக்கு. நானும் அதையே நம்பினேன், அதையே நாலு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியும் இருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன்.

"அலிபிரிக்கா சிஸ்டர்?" என்றான் டிரைவர். அலிபிரி என்பது மலையடிவாரம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அங்கேதான் போவார்கள்.

"இல்லப்பா, பஸ் ஸ்டாண்டு" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. சாதாரணப் புடவையில் இருக்கிற கிழவியை யார் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள்? கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவன் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டான். குரலை வைத்து, தாமோதரனா என்று கேட்டேன். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினான்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியேதான் எல்லாவற்றையும் சொன்னான்.

"மலையிலேர்ந்து எறங்கி நல்லாத்தான் இருந்தேன் சிஸ்டர். அப்பால ஒரு நாளு மெஸ்ஸுல எல்லாரும் குடிச்சிக்கினு இருந்தாங்க. ஒரு மூடி குடிச்சேன். ஒரே மூடிதான். அப்பால ஒக்காந்து யோசிச்சேன். ஒரு மூடி குடிச்சாலும் சத்தியம் பூட்ச்சி, பத்து பாட்டிலு குடிச்சாலும் பூட்ச்சி. இன்னாத்துக்கு ஒரு மூடியோட நிறுத்தணும்? அன்னிக்கே இருந்ததெல்லாம் குடிச்சேன்."

"எங்ககிட்ட வந்திருக்கலாமேப்பா."

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வருவேன்?"

வேலை போயிற்று. வருஷக்கணக்கில் கண்ட இடத்தில் விழுந்து கிடந்திருக்கிறான். அவன் நைனா காளஹஸ்தி பஸ் நிலையத்திலிருந்து இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு யாரும் சொல்லாமல், யாரிடமும் கேட்காமல், தானே குறைக்க ஆரம்பித்தானாம். வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதத்துக்கு ஒன்று. டானிக் நின்று பல வருஷம் ஆகிறது.

"தீவாளி பொங்கலுக்கு ஒரு பீரு. அது மட்டும் இன்னும் கீது சிஸ்டர். பொய் சொல்ல மாட்டேன். கெட்டவன்தான் நானு" என்றான்.

திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல் நின்று இதைச் சொன்னான். நான் அவனைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. மீட்டர் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் படம். கட்டிலில் உட்கார்ந்து எங்களிடம் கேட்டானே, அது இதுதான். நாங்கள் கொடுக்கவில்லை. நரகத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தானே எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டதும் அவனுக்குத் தெரியவில்லை, தோற்றுப் போனதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"மலைக்குப் போறது உண்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"வண்டியும் அலிபிரி வரிக்கும்தான், நானும் அலிபிரி வரிக்கும்தான். சொன்னது ரெண்டுல ஒண்ணக் காப்பாத்தல. இன்னொண்ணையாவது காப்பாத்தறேன்" என்றான்.

அந்த இன்னொன்று நான் சேர்த்த வரி.

படத்தில் இருந்தது அவன் மகள். ஐந்து வயதாகியும் முதல் மொட்டை போடவில்லை. குலதெய்வம் ஏழுமலையான்தான்; வேறு கோயிலில் போட முடியாது. தகப்பன் வராமல் எப்படிப் போடுவது என்று வருஷா வருஷம் தள்ளிப் போட்டுவிட்டு, இந்த வருஷம் அவன் பெண்சாதி சண்டை பிடித்து நாள் குறித்துவிட்டாளாம்.

"அந்த மலை வரி டாக்டர் சொன்னதில்லை. நானாச் சேர்த்தது. தப்புப் பண்ணிட்டேன்பா. நான் அதை வாபஸ் வாங்கிக்கிறேன். நீ போ" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சலாக இருந்தது.

அவன் சிரித்தான். "நீங்க சொல்லிக் குடுத்தீங்க, செரி. சொன்ன வாயி என்னுதாச்சே. சாமியாண்ட போயி, சிஸ்டரு கேன்சல் பண்ணிட்டாங்கன்னா சொல்றது?"

இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். மரியாதையாகக் காபி கொடுத்தான், நான் சொன்னதையெல்லாம் கேட்டான், தலையை ஆட்டினான். அசையவில்லை. அவன் பெண்சாதி மட்டும் வாசல்வரை வந்து, "அப்ப என்னாத்துக்கும்மா அப்படிச் சொல்ல வெச்சீங்க?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

மொட்டை போடுகிற நாளில் நானும் அலிபிரிக்குப் போனேன். குழந்தை, தாய், தாய்மாமன், தாமோதரனின் நைனா எல்லாரும் பஸ்ஸில் மேலே போய்விட்டார்கள். அவன் ஆட்டோவை மரத்தடியில் போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான், நான் பின் சீட்டில். நான் மேலே போக ஒரு தடையும் இல்லை. என்னிடம் யாரும் எந்தச் சத்தியமும் வாங்கியதில்லை. ஆனால் அவனைக் கீழே உட்கார வைத்துவிட்டு நான் எந்த மூஞ்சியோடு போவது? அவன் அவ்வப்போது இறங்கி, மேலேயிருந்து வருகிற பஸ்களைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் என்னைக் கேட்டான்.

வெயில் ஏறிய பிறகு அவர்கள் வந்தார்கள். குழந்தை தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, கையில் லட்டோடு, தாத்தாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தது. தாமோதரன் தூக்கிக்கொண்டான். சந்தனம் அவன் சட்டையெல்லாம் ஒட்டியது.

"நைனா, நீ ஏன் வரல? அங்க எல்லாப் பாப்பாவோட நைனாவும் வந்தாங்க."

தாமோதரன் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டான். அவன் நைனா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அன்றைக்கு மலையில் கும்பிட்டுக்கொண்டு நின்றவர். அவர் என்ன சொல்வார். குழந்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"உங்க நைனா மேல எந்தத் தப்பும் இல்ல பாப்பா. அவர மல ஏறக் கூடாதுன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது.

"நீ யாரு சொல்றதுக்கு?" என்று கேட்டது.

தாமோதரன் பதறிப் போனான். குழந்தையின் வாயைக் கையால் பொத்தி, "ஏய், அப்படிக் கேக்கக் கூடாது. சிஸ்டரம்மா அவங்க. நம்ம நல்லதுக்குத்தான் சொன்னாங்க" என்றான்.